முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ.: முன் அனுமதி மறுப்பு, அடுத்து என்ன செய்யலாம்?

பொருநைக்காரன் (கேள்வி)

டெக்சஸில் இருக்கிறேன். மனைவிக்குக் கீழ்முதுகு வலி. இடது கால் வழியாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்குகிறது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். காப்பீடு செலவை ஏற்க, ஸ்கேனுக்கு முன்பே அவர்களிடம் 'முன் அனுமதி' வாங்க வேண்டும். மருத்துவர் அலுவலகம் என் அலுவலகக் காப்பீட்டு நிறுவனத்திடம் அதைக் கேட்டது, மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் காரணம் என்று இருப்பது ஒரே வரி: 'மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை'. அதற்கடியில் மேல்முறையீட்டு விதிகள் பக்கம் பக்கமாக. மொழிபெயர்ப்பு உதவி இலவசம் என்று உலகத்து மொழிகளிலெல்லாம் எழுதியிருக்கிறார்கள், தமிழைத் தவிர.

என்னை உறுத்துவது மறுப்பு வந்த வேகம். மருத்துவர் அலுவலகம் காலையில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு மதியத்துக்குள் இணையதளத்தில் 'மறுக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்து. இதை மனிதர் யாராவது படித்தார்களா, இல்லை ஏதோ மென்பொருள் தள்ளிவிட்டதா? மாதந்தோறும் சம்பளத்தில் பிரீமியத்தைக் குறையாமல் பிடிக்கிறார்கள். வருடத் தொடக்கம் என்பதால் டிடக்டபிளையும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) நாங்கள்தான் கட்ட வேண்டும். ஆக ஸ்கேனுக்குப் பணம் கட்டப்போவது பெரும்பாலும் நான். அதற்கு அனுமதி தர மறுப்பது மட்டும் அவர்கள். இதில் என்ன நியாயம்?

யாருக்காவது அனுபவம் உண்டா? மேல்முறையீடு செய்தால் பலன் இருக்குமா, வீண் வேலையா?

நாளிதழ்ப் பிரியன்

கவலைப்படாதீர்கள் நண்பரே, சட்டம் இப்போது உங்கள் பக்கம். மத்திய அரசு 2024 ஜனவரியில் கொண்டுவந்த விதிப்படி 2026 முதல் சாதாரண விண்ணப்பத்துக்கு ஏழு நாளிலும் அவசர விண்ணப்பத்துக்கு 72 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும். ஒற்றை வரிக் காரணமெல்லாம் செல்லாது. டெக்சஸில் 2021-லேயே 'தங்க அட்டை' சட்டம் வந்துவிட்டது. ஒரு சேவைக்கு ஒரு மருத்துவர் கேட்ட அனுமதிகளில் 90 சதவீதம் ஏற்கப்பட்டிருந்தால் அந்தச் சேவைக்கு அவர் முன் அனுமதியே கேட்க வேண்டாம். மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள். அலறிக்கொண்டு வருவார்கள்.

இரவுப்பணி

நான் நர்ஸ். சில வருடங்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தேன். இப்போது ஒரு மருத்துவமனையில், அதே போன்ற மறுப்புகளை எதிர்த்து எழுதுவது என் வேலை. இரண்டு பக்கத்திலும் சம்பளம் வாங்கியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, தம்பி. உங்கள் மனைவிக்குப் பாதம் தொய்ந்து நடக்கும்போது தரையில் இழுபடுகிறதா? சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு மாறியிருக்கிறதா? தொடைகளின் உட்பக்கம் மரத்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அவசர சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கச் சட்டம் இடம் தரவில்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் மறுப்பில் பெரிய மர்மம் இல்லை. கீழ்முதுகு எம்.ஆர்.ஐ.க்குப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஆறு வாரம் பிசியோதெரபி, மருந்து என்று முயன்று பார்த்திருக்க வேண்டும், அதன் பிறகும் வலி தீராமல் இருக்க வேண்டும். திட்டிக்கொண்டே இதையும் சொல்கிறேன், அது மோசமான விதி அல்ல. முதுகுவலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிகிறது. அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும் வட்டுத் தேய்மானம் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகளின் தேய்மானம்) படத்தில் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஊசி, அறுவை என்று போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் விதியில் இல்லை, அதைச் சரிபார்க்கும் விதத்தில். பரிசீலனை நர்ஸின் திரைக்கு நோயாளி வருவதில்லை; ஒரு ஃபேக்ஸ் வருகிறது. ஆம், இந்தக் காலத்திலும் ஃபேக்ஸ்தான். முதல் பக்கம் முகப்புத்தாள். அடுத்து ஒவ்வாமைப் பட்டியல், தடுப்பூசி விவரம், பழைய சளிக்குக் கொடுத்த மருந்து. எங்கோ கடைசிப் பக்கத்தில் 'பிசியோ முயன்றார், பலனில்லை' என்று மருத்துவரின் ஒரு வரி. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? இருக்காது. என் பெட்டியில் 'ஆம்' என்று குறிக்கத் தேதி வேண்டும். இல்லையென்றால் கோப்பு நிறுவனத்தின் மருத்துவருக்குப் போகும். அவர் கையில் இருப்பதும் அதே சாய்ந்த, மங்கலான ஃபேக்ஸ்தான்.

மென்பொருளா என்று கேட்டீர்கள். மதியத்துக்குள் வந்தது என்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இணையப் படிவத்தில் 'ஆறு வார சிகிச்சை முடிந்ததா?' என்ற கேள்விக்கு மருத்துவர் அலுவலக ஊழியர் 'இல்லை' என்று தட்டியிருந்தால், மனிதர் உட்கார்ந்து பார்த்தாலும் ஐந்து நிமிட வேலைதான். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இல்லை என்ற முடிவைச் செயற்கை நுண்ணறிவு தனியாக எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கணினி அடுக்கிக் கொடுத்த கோப்புகளில் மருத்துவர் கையெழுத்து போட்டுக்கொண்டே போனால் அதை எந்தச் சட்டம் பிடிக்கும்?

மேல்முறையீடு வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் 2023-ல் ஏறக்குறைய ஐந்து கோடி முன் அனுமதி முடிவுகள் எடுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவை 6.4 சதவீதம். அவற்றில் மேல்முறையீட்டுக்குப் போனவை 11.7 சதவீதம்தான். அப்படிப் போனவற்றில் 81.7 சதவீதம் முழுதாகவோ பகுதியாகவோ மாற்றப்பட்டன. கே.எஃப்.எஃப். ஆய்வு அமைப்பு தொகுத்த அரசுத் தரவு இது. உங்கள் திட்டம் வேறு வகை, எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேட்டால் கொடுப்பார்கள், பெரும்பாலோர் கேட்பதில்லை என்பது உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாளை காலை மருத்துவர் அலுவலகத்துக்கு அழையுங்கள். என்ன அனுப்பினார்கள் என்று கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். பிசியோ நிலையத்திலிருந்து ஒவ்வொரு அமர்வின் தேதியும் உள்ள குறிப்புகளைப் பெற்று மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். பிறகு அவர் காப்பீட்டு நிறுவன மருத்துவரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேச நேரம் கேட்க வேண்டும். இதற்குக் கெடு சில நாட்கள்தான், தள்ளிப்போடாதீர்கள். பாதி வழக்குகள் அந்த அழைப்பிலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. அதுவும் நடக்கவில்லையென்றால் எழுத்து மூலம் மேல்முறையீடு. அதற்கு 180 நாள் அவகாசம் உண்டு. முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ அதைப் பார்க்கக் கூடாது. எந்த அளவுகோலை வைத்து மறுத்தார்கள் என்ற ஆவணத்தையும் முழுக் கோப்பையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கேளுங்கள். கேட்டவுடன் பேச்சின் தொனியே மாறும்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை, மருத்துவப் பக்கத்தில். நான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நிதிப் பிரிவில் ஊழியர் காப்பீட்டைப் பார்ப்பவன். பணப் பக்கத்தைச் சொல்கிறேன்.

நாளிதழ்ப் பிரியன் அவர்களே, நீங்கள் சொன்ன ஏழு நாள் விதி மெடிகேர் அட்வான்டேஜ், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு போன்ற அரசு சார்ந்த திட்டங்களுக்கு. அலுவலகக் காப்பீட்டுக்கு அல்ல. இவருக்குப் பொருந்துவது அலுவலகக் காப்பீடுகளுக்கான 1974-ம் வருடத்து எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் உள்ள விதி: சாதாரண முன் அனுமதிக்கு 15 நாள், மேல்முறையீட்டுக்கு 30 நாள், அவசரம் என்றால் 72 மணி நேரம்.

பொருநைக்காரன், உங்கள் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். 'டி.டி.ஐ.' அல்லது 'டி.ஓ.ஐ.' என்று மூன்றெழுத்து அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் அது டெக்சஸ் மாநிலக் காப்பீட்டுத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள திட்டம். தங்க அட்டை, மாநிலப் புகார் எல்லாம் செல்லும். இல்லையென்றால் பெரும்பாலும் உங்கள் முதலாளியே பணம் போடும் திட்டம். அட்டையில் பெயர் இருக்கும் நிறுவனம் வெறும் நிர்வாகி; கிளெய்ம் பார்ப்பதற்குக் கூலி வாங்குகிறது. ஸ்கேனுக்குப் போகும் பணம் உங்கள் கம்பெனியின் பணம். அமெரிக்காவில் அலுவலகக் காப்பீடு உள்ள ஊழியர்களில் 2024 கணக்குப்படி 63 சதவீதம் பேர் இந்த வகைதான். ஆனால் அவர்களில் பலருக்கு அது தெரியாது. மாநிலக் காப்பீட்டுச் சட்டம் பொதுவாக இதை அண்டாது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். முதலாளி தரப்பில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் நிர்வாகியைக் கூப்பிட்டு 'இந்தக் கோப்பை மறுபடி பாருங்கள்' என்றால் பார்ப்பார்கள். அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவது நாங்கள்தானே. நோய் விவரம் எல்லாம் எழுத வேண்டாம். மறுப்புக் கடிதத்தின் எண்ணும் தேதியும் போதும்.

நியாயம் எங்கே என்று கேட்டீர்கள். குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 1999-ல் 5,791 டாலர். 2024-ல் 25,572 டாலர். அதில் ஊழியர் கட்டுவது 6,296, மிச்சம் முதலாளி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இந்த உயர்வை எப்படிச் சமாளிப்பது என்று கூட்டம் போடுகிறோம். ஆலோசகர் ஒருவர் வந்து 'முன் அனுமதிப் பட்டியலை நீட்டினால் இவ்வளவு மிச்சம்' என்று ஒரு படம் காட்டுவார். மருத்துவமனை விலையைக் குறைக்க எங்களால் முடியாது, பட்டியலை நீட்ட முடியும். அதனால் பட்டியல் நீளுகிறது. உங்கள் மனைவியின் ஸ்கேன் அந்தப் பட்டியலில் ஒரு வரி.

இதுவரை முன் அனுமதித் தொல்லை குறைவாக இருந்த, அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேரிலும் இப்போது தொடங்கிவிட்டார்கள். 2026 ஜனவரி முதல் ஆறு மாநிலங்களில் சோதனை, டெக்சஸும் அதில் ஒன்று. குறிப்பிட்ட சில சிகிச்சைகளைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு சரிபார்க்கும். தவிர்த்த செலவில் அவற்றுக்குப் பங்கு. மறுத்தால் வருமானம் என்று வைத்துவிட்டு 'முடிவை மனிதர்தான் எடுப்பார்' என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும்.

பொருநைக்காரன்

அட்டையில் மூன்றெழுத்து இல்லை. மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். அக்கா, நீங்கள் சொன்ன ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன். பிசியோ ஆறு வாரத்துக்கு மேலாகவே போனாள். ஆனால் மருத்துவர் அலுவலகம் அனுப்பிய நகலில் அந்தக் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் பேசுவதற்கு நேரம் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஒரு நண்பர், காப்பீட்டை மறந்துவிட்டுத் தனி ஸ்கேன் மையத்தில் ரொக்கமாகக் கட்டி எடுத்துவிடு, மலிவு என்கிறார். செய்யலாமா?

இரவுப்பணி

செய்யலாம், சில நேரம் அதுதான் புத்திசாலித்தனம். ஒரே எம்.ஆர்.ஐ.க்கு மருத்துவமனை வளாகத்தில் ஒரு விலை, தனி மையத்தில் அதில் சிறு பங்கு. 2021 முதல் மருத்துவமனைகள் விலைப் பட்டியலை இணையத்தில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரொக்கமாகக் கட்டிய தொகை பொதுவாக உங்கள் டிடக்டபிள் கணக்கில் ஏறாது. இந்த வருடம் ஊசியோ அறுவையோ தேவைப்படலாம் என்று மருத்துவர் நினைத்தால், அந்தக் கணக்கு ஏறுவது உங்களுக்கு முக்கியம். அதனால் அந்தத் தொலைபேசி அழைப்பு முடியும் வரை பொறுங்கள்.

அதன் பிறகும் ரொக்கம்தான் என்றால், காப்பீட்டைப் பயன்படுத்தவில்லை என்று முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் மதிப்பீட்டுத் தொகை கேளுங்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அதைத் தர வேண்டும். பில் அந்தத் தொகையைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் தகராறு எழுப்பலாம். படம் எடுப்பதற்கு மட்டுமா, படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவரின் கட்டணமும் சேர்த்தா என்று கேட்டு, அதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.