ஊராட்சியில் சிறுவர் பூங்கா கேட்பது எப்படி? அதுவரை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

கண்மாய்க்கரை கேட்கிறார் (கேட்பவரும் பதில் சொல்பவர்களும் புனைபெயரில்):

புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியத்தில் சின்ன ஊராட்சி. மக்கள்தொகை சுமார் 2,400. பிள்ளைகள் விளையாட ஒரு இடம் கிடையாது. கிராம சபையில் இரண்டு முறை "பூங்கா வேண்டும்" என்று தீர்மானம் போட்டும் ஒன்றும் நகரவில்லை. இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். கண்மாய்க் கரையிலேயே ஊஞ்சல் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். யாரிடம் போக வேண்டும், எந்த நிதியில் கேட்க வேண்டும்?

இன்னொன்று. நான்கு பேர் (பெரியவர்கள் இருவர், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன்) 300 ரூபாய்க்குள் ஒரு நாள் போய்வர இடம் சொல்லுங்கள்.

தீர்மானப் பதிவேடு:

"பூங்கா வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றியத்தில் எஸ்டிமேட் போட முடியாது. சர்வே எண், பரப்பு, நிலத்தின் வகைப்பாடு, என்ன வேலை, எந்த நிதி, இந்த ஐந்தும் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

முதலில் நிலம். தமிழ்நாடு அரசின் பட்டா இணையதளத்தில் அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டுவது) இலவசமாகப் பார்க்கலாம். கண்மாய், குளம், ஓடை, வாரி என்று எது வந்தாலும் அந்த எண்ணை அங்கேயே விட்டுவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டினால் யாராவது ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாலே போதும், ஊஞ்சலைப் பிடுங்க ஜேசிபி வரும். மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றிருந்தால் வகைமாற்றம் செய்ய வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். களம், மந்தை, காலி நத்தம் (குடியிருப்பு நிலம்) நல்லது.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: ஊராட்சி எல்லைக்குள் போட்ட பிளாட். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும், தரையில் கருவேலம் நிற்கும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், இதற்கும் கட்டணமில்லை. தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

கோரம் (கிராம சபைக்குக் குறைந்தது வர வேண்டியவர் எண்ணிக்கை): 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் 100 பேர். அதற்குக் குறைவாகக் கையெழுத்து இருந்தால் தீர்மானம் செல்லாது. கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முந்தைய வாரமே பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். அன்றைக்குக் கை தூக்கிச் சொல்வதெல்லாம் "இதர பொருள்" என்று கடைசி வரியில் போய்விடும். தீர்மான நகல் தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. தனி அலுவலர் இருக்கும்வரை போக வேண்டியது பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). ஒரே அலுவலகத்தில் பிடிஓ (வட்டார ஊராட்சி) என்று இன்னொருவர் இருப்பார். மனுவில் பதவியைச் சரியாக எழுதாவிட்டால் இந்த மேசைக்கும் அந்த மேசைக்குமாக ஒரு மாதம் சுற்றும்.

கண்மாய்க்கரை:

நன்றி. கண்மாய் யாருடையது என்றே ஊரில் குழப்பம். கரையில் நடைபாதை மட்டும் போட்டால்?

தீர்மானப் பதிவேடு:

ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய், அதற்கு மேல் நீர்வளத் துறை. கரையை மண்ணாகவே பலப்படுத்தி நடக்க விடலாம். பெஞ்சு போடக் கரையைத் தோண்டுவதும், கலுங்குப் (உபரி நீர் வழியும் இடம்) பக்கம் சிமெண்ட் பூசுவதும் கூடாது. மடையை ஒட்டிப் பிள்ளைகளை விடவே விடாதீர்கள்.

நீலப்பட்டை:

விளையாட்டுச் சாமான் பற்றி நான் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் "2 அங்குல ஜி.ஐ. குழாய், மீடியம்" என்று இருக்கும், இறங்குவது கனம் குறைந்த லைட்டாக இருக்கும். பெயிண்ட் அடித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. குழாய் வந்து இறங்கும்போதே பாருங்கள்: மீடியத்துக்கு நீலப் பட்டை, லைட்டுக்கு மஞ்சள்.

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. மேல் கம்பி 8 அடி உயரம் என்றால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி காலியாக இருக்க வேண்டும். காம்பவுண்டுச் சுவரிலிருந்து நாலடியில் ஊஞ்சல் நட்டால் பிள்ளை சுவரில் போய் மோதும். கீழே ஓரடி மணல். 32 அடி நீளம், 12 அடி அகலம் என்றால் 384 கன அடி, ஏறக்குறைய நாலு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). எம்-சாண்டில் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) இருக்கும் தூள் இரண்டு மழையில் இறுகித் தரை மாதிரி ஆகிவிடும். தூள் போகச் சலித்த கரடுமணல் போடுங்கள். எதைப் போட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும்.

காலுக்குக் குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம், 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். கான்கிரீட்டின் தலை மணலுக்கு மேல் தெரியக்கூடாது, விழுகிற பிள்ளையின் மண்டை அதில்தான் அடிபடும். ஆனால் அப்படிப் புதைத்தால் மணல் மட்டத்தில் குழாய் துருப்பிடிக்கும். அதனால் கான்கிரீட்டிலிருந்து மணலுக்கு மேல் அரை அடி வரை தார் பூசிவிட்டுப் பிறகு பெயிண்ட். சங்கிலி மாட்டும் கொக்கியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். உரசி உரசி உள்பக்கம் பள்ளம் விழும். கனத்தில் பாதி தேய்ந்திருந்தால் கழற்றிவிடுங்கள், கிரீஸ் வைத்துச் சமாளிக்காதீர்கள்.

சறுக்குமரத்தின் சறுக்கும் பக்கம் கிழக்கே பார்க்கட்டும். பிள்ளைகள் வருவது சாயங்காலம், மேற்கே பார்த்தால் அந்த நேரத்தில் தகடு சுடும். நிழலுக்குப் புங்கன், வேம்பு. முருங்கை, ஒதியன் வேண்டாம், காற்றுக்குக் கிளை முறியும். வேலி ஆட்டுக்குத் தாங்க வேண்டும், இல்லையென்றால் மரமே வராது.

வீட்டு வரி ரசீது:

நிதி விஷயம். 15வது நிதிக்குழு மானியத்தில் (2025-26 வரை) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய கட்டுண்ட நிதி. அதில் ஊஞ்சல் வாங்க முடியாது. ஆனால் அதே பூங்காவில் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் அந்தக் கணக்கில் வரும். ஆகவே வேலையை ஒன்றாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அவரிடம் வெறும் மனுவோடு போனால் "பார்க்கலாம்" என்பார். தீர்மான நகல், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தந்த நிலச் சான்று, ஒன்றியப் பொறியாளர் போட்ட உத்தேச மதிப்பீடு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போனால் பரிந்துரைக் கடிதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பணம் தரத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். 3 லட்ச ரூபாய் வேலைக்கு மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது ஒரு லட்சம்.

பராமரிப்புக்குத் தனி ஆள் போட மாட்டார்கள். டேங்க் ஆபரேட்டர் தினமும் வால்வு திறக்க வரும் வழியில் இடம் இருந்தால் செடிக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆனால் பழைய தொட்டியின் அடியில் பூங்கா வைக்காதீர்கள். காரை பெயர்ந்து விழும். தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்கட்டும்.

குடுமியான்மலை பஸ்:

300 ரூபாய் தாராளம். வீட்டில் பெண்கள் இருவருக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை, பையன் 5 வயதுக்குள், அவனுக்கும் இல்லை. டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான். மினி பஸ்ஸிலும் புறநகர்ப் பேருந்திலும் இந்தச் சலுகை கிடையாது. ஏறும் முன் போர்டைப் பாருங்கள்.

பக்கத்திலேயே சித்தன்னவாசல். தொல்லியல் துறைக் கட்டணம் கவுண்டரில் ஆளுக்கு 25, ஆன்லைனில் 20, 15 வயதுக்குள் இலவசம். குன்றின் மேல் இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற சமணர் குகைக்கு முதலில் ஏறுங்கள், காலை 10 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பாறை கொதிக்கும். சின்னவனைக் கையில் பிடித்தபடியே போங்கள். அங்கே வழுவழுப்பான 17 கற்படுக்கைகள். வெயில் ஏறியதும் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கும், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் உண்டு. பிள்ளைகளை மீன் எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

அடுத்த தடவை திருமயம். 1687-ல் கட்டிய கோட்டை, இதே கட்டணம்தான். காலையில் கோட்டை, நடை சாத்துவதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிவன், பெருமாள் குடைவரைகள். மழை நாளென்றால் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

சாப்பாடு: அரைக் கிலோ அரிசியில் புளிச்சோறு, சாயங்காலம் வரை கெடாது. தயிர்சோற்றுக்குக் கால் லிட்டர் காய்ச்சிய பாலை ஆற்றி ஊற்றி, தயிர் இரண்டே கரண்டி விடுங்கள், மதியம் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஐந்து லிட்டர்.

ஒன்று கவனியுங்கள். சில தடத்தில் ஞாயிற்றுக்கிழமை டிரிப்பைக் குறைத்துவிடுவார்கள். போகும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு டிரிப் வேண்டும் என்பதையும் கிராம சபைத் தீர்மானத்தில் தனிப் பொருளாக, தட எண்ணும் நேரமும் போட்டு எழுதி, நகலைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் திங்கள்கிழமை கலெக்டர் மனு நாளிலும் கொடுங்கள்.