ஆப்பிரிக்கக் குறும்படங்களைப் பார்த்துக் கற்றவை – அனுபவப் பகிர்வு

பதிவு 1

உஸ்மான் செம்பேன் 1963-ல் செனகலின் டாக்கர் நகரில் எடுத்த 'போரோம் சாரெ' சுமார் 20 நிமிடப் படம். குதிரை வண்டிக்காரர் ஒருவரின் ஒரு நாள் பிழைப்பு, அவ்வளவுதான் கதை. படப்பிடிப்பில் ஒலி எடுக்கவில்லை; பேச்சும் இசையும் பிறகு சேர்த்தவை. அதனால் வண்டிக்காரரின் மனக்குரல்தான் படத்தைத் தூக்கிச் செல்கிறது. வசதியானவர்கள் வாழும் 'பிளாட்டோ' பகுதிக்குள் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. அங்கே வண்டி நுழைந்ததும் உள்ளூர்த் தந்தி வாத்தியம் நின்று ஐரோப்பிய செவ்வியல் இசை வருகிறது. போலீஸ்காரர் நிறுத்துகிறார். வண்டிக்காரரின் பதக்கம் தரையில் விழுகிறது, எடுக்கக் கை போகிறது, அதற்குள் பூட்ஸ் அதன்மேல் ஏறிவிடுகிறது. வசனமே தேவைப்படாத இடம் அது.

போனில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. 3 நிமிடப் படத்துக்கு 25 ஷாட் போதும். தெருவில் வேலை செய்யும் ஒருவரின் கை, கருவி, வழி, காசு கைமாறும் இடம் இவற்றை ஒலியைப் பற்றிக் கவலைப்படாமல் எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் தேவைக்கு மேல் 5 விநாடி ஓடவிடுங்கள். மனக்குரல் எங்கே மூச்சு வாங்கும் என்று எடுக்கும்போது தெரியாது. குரலை எழுதிவிட்டுப் படத்தை வெட்டக் கூடாது. முதலில் வெட்டி முடித்து, அதைப் பார்த்தபடியே எழுத வேண்டும். மாற்றிச் செய்தால் திரையில் தெரிவதையே குரலும் சொல்லிக்கொண்டிருக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பதிவு 2

மேலே சொன்னதோடு ஒலிப் பக்கம் சில. குரலைத் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் நின்று பேசிப் பதியலாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். படம் எடுத்த ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 1 நிமிடம் வெறும் சூழல் ஒலியைத் தனியாகப் பதிந்து வையுங்கள். அது இல்லாவிட்டால் குரல் நிற்கும் இடமெல்லாம் படம் செத்துப்போன மாதிரி இருக்கும்.

டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டைகள் ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் பூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். செனகல், நைஜீரியா, இந்தியா மூன்றும் 50 ஹெர்ட்ஸ்தான்.

பதிவு 3

செனகல் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெத்தியின் 'லெ ஃப்ரான்' (1994) பற்றி யாரும் பேசவில்லையே. 45 நிமிடம், குறும்படத்துக்குக் கொஞ்சம் நீளம்தான். அந்த ஆண்டு ஜனவரியில் செனகலின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள்: ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 என்றிருந்தது 100 ஆனது. படத்தின் பெயரே அந்தக் காசுதான். வாடகை பாக்கிக்காக வாத்தியத்தைப் பறிகொடுத்த இசைக்கலைஞன் மரிகோ, லாட்டரிச் சீட்டு ஒன்றை வாங்கித் தன் கதவில் ஒட்டி வைக்கிறான். பரிசு விழுகிறது. சீட்டு உரிந்து வராது. கதவையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டாக்கரைக் கடக்கிறான். அலுவலகத்தில் கேட்பது சீட்டின் பின்பக்கத்து எண்ணை! அதுதான் பசைக்கு அடியில் இருக்கிறது.

கதை கிடைக்காமல் திணறுபவர்கள் இந்தக் கதவைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். சட்டைப் பையில் அடங்காத ஒரு பொருளை எடுங்கள்: தண்ணீர் டிரம், கண்ணாடி, தையல் மெஷின். அதை ஓரிடத்தில் சேர்த்தாக வேண்டும், குறுக்கே மூன்று தடை. பஸ், வாசல், படி ஒவ்வொன்றும் தானாகவே ஒரு காட்சியாகிவிடும். நடிகர் உணர்ச்சியைக் காட்டச் சிரமப்பட வேண்டாம், எடையே உடம்பை நடிக்க வைக்கும். ஆனால் பொருள் உண்மையிலேயே கனமாக இருக்க வேண்டும். தெர்மாகோலைத் தூக்கினால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவு 4

நைஜீரியாவின் கடுனாவில் 'தி கிரிட்டிக்ஸ்' என்ற இளைஞர் குழு. 2019-ல் இவர்கள் உலகின் கண்ணில் பட்டார்கள். திரை உடைந்த போன், ட்ரைபாடாக மாறிய பழைய மைக் ஸ்டாண்ட், சுவரில் தொங்கவிட்ட பச்சைத் துணி (அந்தப் பச்சையை நீக்கிவிட்டுக் கணினியில் வேறு பின்னணியைச் சேர்ப்பதற்கு). இவற்றை வைத்து அறிவியல் புனைவுக் குறும்படங்கள் செய்தார்கள். அடிக்கடி மின்வெட்டு, மெதுவான இணையம்.

பச்சைத் துணியில் கெடுவது இரண்டு. ஒன்று சுருக்கம்: இஸ்திரி போட்டு, நான்கு மூலையிலும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். மற்றது, நடிகர் துணியை ஒட்டி நிற்பது: 5, 6 அடியாவது தள்ளி நிற்காவிட்டால் காது ஓரத்தில் பச்சை ஏறும், நிழலும் விழும். துணிக்குத் தனி விளக்கு வேண்டும்.

மின்வெட்டு உள்ள ஊரில் கிராபிக்ஸை ஒரே வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாதீர்கள் (கணினி கணக்கிட்டு இறுதிப் படமாக்குவதுதான் ரெண்டர்). நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் வீண். பிளெண்டர் என்ற இலவச கிராபிக்ஸ் மென்பொருளில் தனித்தனி பிஎன்ஜி படக் கோப்புகளாக எடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் 10 விநாடி என்றால் 250 படம். 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால், கரண்ட் வந்த பிறகு ஏற்கெனவே முடிந்தவற்றைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். மறுபடி ஓட்டுவதற்கு முன் கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள். அது பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கக்கூடும்.