பகலில் படம் பார்க்க அறையை இருட்டாக்குதல்: எந்த வகை ஜன்னல் பிளைண்ட் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, புரொஜெக்டரும் 100 அங்குல வெண்திரையும் பொருத்தியிருக்கிறேன். இரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பகலில்தான் சிக்கல். வெண்திரைக்கு இடப்பக்கச் சுவரில், மேற்கு பார்த்தபடி 120 செ.மீ. அகலமுள்ள ஜன்னல் ஒன்று இருக்கிறது. முழு இருட்டு கிடைக்கும் என்று விற்பனையாளர் உறுதி கூறியதை நம்பி, ஒளிபுகாத துணியைக் குழாயில் சுற்றி இறக்கும் பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட் ஒன்றை வாங்கி ஜன்னல் சட்டத்துக்கு உள்ளேயே மாட்டினேன். துணி வழியாக ஒளி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு இரு ஓரங்களிலும் வெயில் வெள்ளைக் கோடுகளாக இறங்குகிறது. படத்தில் இரவுக் காட்சி வந்தால் நடிகரின் கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகி, பின்னால் உள்ள சுவரோடு கலந்துவிடுகிறது. இன்னும் தடித்த துணியில் வேறு ரோலர் வாங்குவதா, தேன்கூடு போல உள்ளே சிறு அறைகள் கொண்ட தேன்கூட்டு பிளைண்டுக்கு மாறுவதா, அல்லது கண்ணாடியிலேயே கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தடித்த துணிக்குச் செலவு செய்யாதீர்கள். உங்கள் துணி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ரோலர் பிளைண்டில் துணி சுற்றியிருக்கும் குழாயின் இரு முனைகளிலும் தாங்கியும் சுழற்றும் பொறியும் இடம் பிடித்துக்கொள்வதால், துணியின் அகலம் எப்போதுமே சட்டத்தின் அகலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பக்கத்துக்கு 1.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உங்கள் 120 செ.மீ. ஜன்னலில் 3 செ.மீ., அதாவது நாற்பதில் ஒரு பங்கு திறந்தே கிடக்கிறது. நாற்பதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். நேர் வெயிலின் அளவோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு). அதில் சிறு கீற்று நுழைந்தாலும் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது விளக்குப் போட்டது போலத்தான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பிளைண்டைச் சட்டத்துக்குள் மாட்டாமல் அறையின் உட்சுவரின் மேல் மாட்டி, பக்கங்களில் 10 செ.மீ., மேலே 15 செ.மீ. அளவுக்குத் துணி ஜன்னலைத் தாண்டி மூடும்படி செய்வது முதல் வழி. உள்ளேதான் இருக்க வேண்டும் என்றால், துணியின் ஓரங்கள் புதைந்து ஓடும்படி பக்கத் தடங்களும், மேலே குழாயை மறைக்கும் மூடுபெட்டியும், அடிக்கட்டையில் தூரிகைப் பட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். உள்ளே பொருத்துவதற்கு அளவெடுக்கும்போது அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் எடுத்து, அவற்றில் சிறியதைக் கொடுங்கள். ஜன்னல் சட்டங்கள் நாம் நினைப்பது போல நேராக இருப்பதில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். வகைகளைப் பற்றி மட்டும் சில சொற்கள். கிடைப்பட்டைகள் கொண்ட பிளைண்டை இந்த வேலைக்கு நினைத்தே பார்க்க வேண்டாம். முன்பு எங்கள் அறையில் அதுதான் இருந்தது. பட்டைகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும், கயிறு செல்லும் துளைகள் வழியாக எதிர்ச்சுவரில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் வரிசைகட்டி நிற்கும். அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படம் பார்க்க உட்கார்ந்தவன் மாலை வரை அவை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஒளிபுகும் பட்டையும் மறைக்கும் பட்டையும் மாறிமாறி வரும் வரிப்பட்டை பிளைண்டும் வரவேற்பறைக்குத்தான் அழகு.

தேன்கூட்டு பிளைண்டில் உள்ளறைகளுக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பிளாக்அவுட் வகை உண்டு. அது வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும் என்பதால் மேற்கு ஜன்னலுக்கு ஏற்றது. ஆனாலும் பக்கத் தடம் இல்லாவிட்டால் அதிலும் ஓரம் கசியத்தான் செய்யும்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். வெயிலை உறிஞ்சும் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி, சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு குளிர்ந்தே கிடந்தால், அந்த வெப்ப வேறுபாட்டில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் இந்த ஆபத்து கூடுதல்.

மறுமொழி 3

எல்லாரும் வெளியொளியைப் பற்றியே பேசுகிறார்கள். பிளைண்டில் அறைக்குள் பார்க்கும் பக்கத்தின் நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் வெண்திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும் கறுப்பு. வெண்திரையின் மேல் 3 லக்ஸ் அளவுக்கு வெளியொளி விழுந்தாலே அது ஏறத்தாழ 1 நிட் (பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பொலிவின் அலகு) பொலிவைப் பெற்றுவிடும். திரையரங்கில் வெள்ளைக்கான அளவே 48 நிட்தான் என்பதால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான விகிதம் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் நின்றுபோகும். புரொஜெக்டர் பெட்டியின் மேல் இந்த விகிதம் எத்தனை ஆயிரம் என்று அச்சிட்டிருந்தாலும் இதுதான் நிலை.

ஜன்னல் வெண்திரைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், வெள்ளை பிளைண்ட் வெண்திரையின் ஒளியையே வாங்கி மீண்டும் அதன் மேல் தெளிக்கும். எனவே உட்பக்கம் பளபளப்பில்லாத அடர்சாம்பலோ கறுப்போ ஆகவும், வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிப்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும் துணியைக் கேளுங்கள். நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பவராக இருந்தால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்றே சொல்லியிருப்பேன்.

இன்னொன்று: வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், வளையமாகத் தொங்கும் கயிறோ மணிச்சங்கிலியோ வேண்டாம், கழுத்தில் சிக்கிக்கொள்ளும் அபாயம் மெய்யானது. விசைச்சுருளிலோ மோட்டாரிலோ இயங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. புதிதாக எதையும் வாங்கும் முன், இருக்கும் பிளைண்டின் இரு ஓரங்களையும் கறுப்பு நாடாவால் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, கதவை மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைக் கோடுகள் மறைந்தன. அதுவரை கண்ணில் படாத ஒரு கசிவு குழாய்க்கு மேலே கூரையில் விசிறி போல விரிந்தது. அட்டைத் துண்டு ஒன்றை அங்கே செருகியதும் அதுவும் போயிற்று. மறுமொழி 3 சொன்னது போல, கறுப்புப் போர்வை ஒன்றை பிளைண்டின் மேல் தொங்கவிட்டு அதே இரவுக் காட்சியை மீண்டும் போட்டேன். சட்டை வேறு, சுவர் வேறு என்று தெளிவாகத் தெரிந்தது. ஆகவே உட்பக்கம் அடர்சாம்பல் துணி, சுவரின் மேல் 10 செ.மீ. தாண்டும் அகலம், மூடுபெட்டி, விசைச்சுருள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய பிளைண்ட் படுக்கையறைக்குப் போகிறது.