தனித்தனியாக ஃபைல் செய்யும்போது பிள்ளைகளைச் சார்ந்திருப்பவர்களாக யார் வரியில் காட்டுவது?

எடிசன்அம்மா:
நியூஜெர்சியில் இருக்கிறேன். 2025 மே 10 அன்று என் கணவர் வேறு அபார்ட்மென்ட் பார்த்துப் போய்விட்டார். விவாகரத்து இன்னும் ஆகவில்லை. மகளுக்கு 14, மகனுக்கு 9. 2025 வரியைத் தனித்தனியாகத்தான் ஃபைல் செய்கிறோம். "மாசா மாசம் பணம் தர்றேன், இன்ஷூரன்ஸும் என் வேலையிலதான், அதனால ரெண்டு பேரையும் நான்தான் காட்டுவேன்" என்கிறார். வாடகை, கரண்ட், மளிகை, சின்னவனின் ஆஃப்டர் ஸ்கூல் எல்லாம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. காய்ச்சல் வந்த ராத்திரிகளில் கூட உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பிள்ளைகள் என்னிடம் இல்லை என்று நானே எழுதிக்கொடுக்க மனசு வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

கணக்குப்பிள்ளை:
யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதில் இது முடிவாவதில்லைம்மா. பிள்ளை யார் வீட்டில் அதிக ராத்திரி தூங்கியது என்பதுதான் கணக்கு. வருஷத்தின் நடுவில் பிரிந்திருப்பதால், பிரிந்ததிலிருந்து டிசம்பர் 31 வரை எண்ணுங்கள். தோழி வீட்டில் தங்கிய ராத்திரி, அன்றைக்கு யார் முறையோ அவர் கணக்கில் சேரும். சரிசமமாக வந்தால் மட்டும் வருமானம் அதிகமுள்ளவருக்குப் போகும்.

எடிசன்அம்மா:
ஃபிரிட்ஜில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து உட்கார்ந்தேன். அப்பா வீட்டுக்குப் போகும் நாளையெல்லாம் சின்னவன் பச்சை ஸ்கெட்ச்சால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். ஆகஸ்டில் பக்கமே பச்சை. இரண்டு முறை எண்ணினேன்: மொத்தம் 236 ராத்திரி, அவரிடம் 81, என்னிடம் 155. இரண்டு பேரும் சேர்ந்தேதான் போய் வருவார்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் இருவரையும் நீங்களே காட்டலாம். பிள்ளையைக் காட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஃபார்ம் 8332-இல் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அவர் காட்ட முடியாது. இருவரும் 17-க்குக் கீழே. 2025-க்கு ஆளுக்கு 2,200 டாலர் வரை கிரெடிட், அதாவது வரியிலேயே அவ்வளவு குறையும். இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை அவர் உங்கள் வீட்டில் இல்லை, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையது. அதனால் நீங்கள் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது வீட்டைத் தனியாக நடத்துபவர் என்றே ஃபைல் செய்யலாம். வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 23,625 டாலர். தனியாக ஃபைல் செய்யும் மணமானவர் என்றால் 15,750தான்.

டல்லாஸ்தோழி:
அக்கா, விட்டுக்கொடுக்கத் தோன்றினாலும் அந்த ஃபார்மில் ஒரு வருஷத்துக்கு மட்டும் எழுதுங்கள். சண்டை வேண்டாமே என்று "வரும் எல்லா வருஷங்களுக்கும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். பிறகு ரத்து செய்தேன். அதுவும் தெரிவித்ததற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் செல்லும். கையெழுத்துப் போட்டாலும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் உங்களிடமே இருக்கும், சின்னவனின் ஆஃப்டர் ஸ்கூல் செலவுக்கான கிரெடிட்டும் அப்படியே. இது தெரியாமல் அந்த வருஷம் நான் அதையும் கேட்காமல் விட்டேன்.

எடிசன்அம்மா:
எனக்கு முன்னாலேயே அவர் ஃபைல் செய்துவிட்டால்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் ஈ-ஃபைல் திரும்பி வரும். பயப்படாதீர்கள். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் ஐபி பின், அதாவது நீங்கள்தான் என்று காட்டும் ரகசிய எண் வாங்கி, அதைப் போட்டு அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் தாளில் தபாலில் அனுப்பலாம். அப்புறம் இருவருக்கும் கடிதம் வரலாம். தப்பாகக் காட்டியவர்தான் திருத்த வேண்டும். உங்கள் முகவரி போட்ட ஸ்கூல் கடிதம், டாக்டர் ரெக்கார்டு எல்லாம் எடுத்து வையுங்கள். காலண்டரையும் தூக்கிப்போடாதீர்கள்.

எடிசன்அம்மா:
ஐபி பின் வாங்கிவிட்டேன். 12 மாதப் பக்கங்களையும் ஃபோட்டோ எடுத்தாயிற்று. எண்ணிக்கையை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை ஸ்கூல் ஆபீஸில் கடிதம் கேட்கிறேன். ரொம்ப நன்றி அண்ணா, நன்றி தோழி.