ஆன்லைனில் வாங்கிய கிட்டார்: கம்பி ரொம்ப உயரமாக இருக்கிறது, திருப்பி அனுப்பவா, சரி செய்யவா?

நாகை டீச்சர்

வணக்கம். வயது 41, கிட்டாருக்குப் புதுசு. பக்கத்து வீட்டுப் பையனின் கிட்டாரில் நாலு மாதம் பழகினேன். அவன் அதை விடுதிக்கு எடுத்துப் போய்விட்டான். எங்கள் ஊர்க் கடையில் தொங்கியவை இரண்டே கிட்டார், இரண்டும் 38 இன்ச். எனக்கு 41 இன்ச் வேண்டும் என்று ஆன்லைனில் 7,400 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். கம்பெனிப் பெயர் வேண்டாமே.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கீறல் இல்லை, ட்யூனும் நிற்கிறது. முதல் மூன்று ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை சமாளிக்கிறேன். ஐந்தாம் ஃபிரெட்டைத் தாண்டினால் கம்பியை அழுத்தவே முடியவில்லை. அழுத்தினாலும் சுருதி ஏறிவிடுகிறது. பையனின் கிட்டாரில் இப்படி இல்லை. புதுக் கிட்டார் என்றால் இப்படித்தான் இருக்குமா, என் விரல்தான் பழகவில்லையா, இல்லை பொருளே கோளாறா?

வந்து மூன்று நாள் ஆகிறது. திருப்பி அனுப்ப மொத்தம் ஏழு நாள்தான்.

மெட்ராஸ் ராகம்

ரொம்பச் சாதாரண விஷயம் மேடம். கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புத் தண்டு ஓடும், அதன் முனை சவுண்ட் ஓட்டைக்குள் இருக்கும். பெட்டியில் வந்த எல் சாவியைப் போட்டு வலது பக்கம் அரைச் சுற்று இறுக்குங்கள், கம்பி இறங்கிவிடும். நான் எல்லாக் கிட்டாருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆறு கம்பி (கோவை)

அக்கா, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவைச் சரி செய்யத்தான். கம்பி உயரத்தைக் குறைக்கிற கருவி இல்லை அது. வளைவு அதிகமாக இருந்து அதனால் கம்பி ஏறியிருந்தால் மட்டும் பலன் தரும். எது காரணம் என்று தெரியாமல் இறுக்குவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமலே மாத்திரை கொடுப்பது மாதிரி.

நாகை டீச்சர்

ஐயோ, அரைச் சுற்று இறுக்கிவிட்டேனே! உயரம் பெரிதாகக் குறையவில்லை. அதோடு இப்போது ஆறாவது கம்பியைச் சும்மா மீட்டினாலே 'ஜ்ர்ர்' என்று இரைகிறது.

ஆறு கம்பி (கோவை)

பயப்படாதீர்கள், அரைச் சுற்றில் பெரும்பாலும் எதுவும் உடையாது. அதே அரைச் சுற்றை இடது பக்கம் திருப்பி, வந்த நிலைக்கே கொண்டுபோங்கள். திருப்பி அனுப்புவதானாலும் அதுதான் நல்லது. இனிமேல் திருப்பினாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் அளந்து பார்ப்போம். கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற ஏடிஎம் அட்டை, ஆதார் பிளாஸ்டிக் அட்டை எல்லாவற்றையும் எடுங்கள். வங்கி அட்டையின் கனம் 0.76 மி.மீ., உலகம் முழுக்க ஒரே அளவு. எண்கள் புடைத்திருக்கும் பழைய அட்டை மட்டும் வேண்டாம், கனம் தப்பும்.

முதலில் கம்பிகளைச் சரியாக ட்யூன் செய்துகொள்ளுங்கள். 12ஆம் ஃபிரெட்டின் மேல் அட்டைகளை அடுக்கி, ஆறாவது கம்பிக்கு அடியில், அதாவது தடித்த கம்பிக்கு அடியில், நுழையுங்கள். கம்பி மேலே எழும்பாமல் எத்தனை அட்டை போகிறது? மூன்று போனால் 2.28 மி.மீ., நல்ல கிட்டார். நாலு என்றால் 3 மி.மீ., கொஞ்சம் கடினம். அதற்கு மேல் என்றால் பேசுவோம்.

அடுத்தது கழுத்து வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14ஆம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இரண்டு கை போதாது, யாரையாவது கூப்பிடுங்கள். அப்போது ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசிப் போனால் வளைவு சரி.

கடைசியாக நட், அதாவது தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை. மூன்றாம் ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். தலைமுடி அளவு இடைவெளி இருந்தால் போதும்.

நாகை டீச்சர்

ராடைப் பழையபடி திருப்பிவிட்டேன், இரைச்சல் நின்றது. என் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து அளந்தேன்.

ஆறாவது கம்பி: ஐந்து அட்டை இறுக்கமாகப் போகிறது. விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போகிறது. நட்டில் நீங்கள் சொன்ன தலைமுடி இடைவெளிதான். 12ஆம் ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி ஓசையையும், அழுத்தி மீட்டும் ஓசையையும் ட்யூனர் ஆப்பில் பார்த்தேன். அழுத்தினால் 20 சென்ட் ஏறுகிறது (100 சென்ட் என்றால் ஒரு ஃபிரெட் தூரம்).

ஆறு கம்பி (கோவை)

ஐந்து அட்டை என்றால் 3.8 மி.மீ. விரலைக் குறை சொல்லாதீர்கள், இதை நானே அழுத்தச் சிரமப்படுவேன். கம்பி அவ்வளவு தூரம் கீழே போகும்போது இழுபடுகிறது, அதனால்தான் சுருதி ஏறுகிறது. வளைவு சரி, நட்டும் சரி. அப்படியானால் மிச்சம் இரண்டுதான்: சேடில் (உடலில் உள்ள பிரிட்ஜ் மரத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) உயரமாக இருக்கிறது, இல்லை கழுத்து உடலோடு சேருகிற கோணமே தப்பு. முதலாவது சின்ன வேலை. இரண்டாவது அனுப்பிவிட வேண்டிய கேஸ்.

உப்புக்காற்று

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் ராமேஸ்வரம். வடக்கே எங்கோ வறண்ட கிடங்கில் இருந்த கிட்டார் கடலோரத்துக்கு வந்தால் ஈரத்தைக் குடிக்கும். மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போடும், கம்பி ஏறும். கிட்டாருக்கு 45-55 சதவீத ஈரப்பதம் நல்லது. என் வீட்டு மீட்டர் 75க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு வாரம் வைத்துப் பாருங்களேன்.

ஆறு கம்பி (கோவை)

விஷயம் உண்மைதான், ஆனால் இரண்டு வாரம் காத்திருந்தால் ஏழு நாள் போய்விடும். அதோடு 7,400 ரூபாய்க் கிட்டார் பெரும்பாலும் ஒட்டுப்பலகை, அது ஒரே பலகை மாதிரி ஊதாது. மூன்றே நாளில் ஒன்றரை மி.மீ. ஏறாது. அக்கா, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை மேல் குறுக்காக ஒரு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, ஊசலாடினால் சொல்லுங்கள்.

பள்ளியில் 60 செ.மீ. இரும்பு ஸ்கேல் இருக்கிறதா? அதைக் கழுத்தின் நடுவில், மூன்றாம் நான்காம் கம்பிகளுக்கு இடையே, ஃபிரெட்டுகளின் மேல் நேராகப் படுக்க வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மரத்தை மேலாக உரசிப் போக வேண்டும். மரத்தின் நெற்றியில் முட்டினால் கோணம் தப்பு. சேடில் மரத்துக்கு மேல் எத்தனை மி.மீ. நிற்கிறது என்றும் பாருங்கள்.

நாகை டீச்சர்

கணக்கு லேபிலிருந்து ஸ்கேல் வந்தது (நான் கணக்கு டீச்சர்தான்). தொப்பை பெரிதாக இல்லை. ஸ்கேல் பிரிட்ஜின் நெற்றியில் முட்டுகிறது, மேல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே. சேடில் ஆறாவது கம்பிப் பக்கம் மூன்றரை மி.மீ. நிற்கிறது.

இதற்கிடையே மாமனார் ஒரு யோசனை சொல்கிறார்: "தஞ்சாவூரில் வீணை ஆசாரியிடம் கொண்டு போனால் அரை மணியில் சரி செய்வார்." போகலாமா?

ஆறு கம்பி (கோவை)

மாமா சொன்னதில் பாதி சரி. வீணையின் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கும், சுருதி தப்பினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டார் ஃபிரெட்டை மரத்தில் கீறி அடித்து இறக்கியிருக்கிறார்கள், நகராது. ஆனால் சேடிலைத் தேய்க்க அவரைவிடப் பொருத்தமான கை கிடையாது. தேய்க்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கு டீச்சரிடமே கணக்குச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதி. அங்கே 1 மி.மீ. இறங்க, சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். 3.8லிருந்து 2.5க்கு வர 1.3 மி.மீ. இறங்க வேண்டும், சேடிலில் 2.6.

நாகை டீச்சர்

மூன்றரையில் 2.6 போனால் 0.9 மி.மீ. அது சேடிலே இல்லையே.

ஆறு கம்பி (கோவை)

அதேதான். அவ்வளவு தாழ்ந்தால் கம்பி சேடில் மேல் மடிந்து அழுந்தாது, ஓசை செத்துவிடும். உப்புத்தாளை எடுக்க வேண்டாம். கழுத்தைக் கழற்றிக் கோணத்தை மாற்றலாம், அந்தக் கூலியில் இன்னொரு கிட்டாரே வரும். திருப்பி அனுப்புங்கள். அட்டைகள், ஸ்கேல் இரண்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். "வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் பழகிப் பாருங்கள் என்பார்கள்; "12ஆம் ஃபிரெட்டில் 3.8 மி.மீ., கழுத்துக் கோணம் தப்பு" என்று எழுதுங்கள்.

மெட்ராஸ் ராகம்

என் யோசனையால் வந்த தொந்தரவுக்கு மன்னிக்கவும் மேடம். என் கிட்டார்களுக்கு வளைவுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது போல.

நாகை டீச்சர்

பரவாயில்லை சார், அந்த 'ஜ்ர்ர்' கேட்டதால்தான் ராட் எதற்கு என்று கற்றுக்கொண்டேன். ஐந்தாம் நாளில் கூரியர் வந்து எடுத்துப் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது.

சரி, இப்போது அடுத்ததை எப்படி வாங்குவது? மறுபடி பார்க்காமல்தான் வாங்க வேண்டும். தஞ்சை, திருச்சி போய் வாசித்துப் பார்க்கலாம்தான், ஆனால் எனக்குத் தெரிந்த நாலு சுரக்கூட்டை (chord) வைத்துக் கடையில் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

உப்புக்காற்று

கடலோரத்துக்கு ஒட்டுப்பலகையே நிம்மதி. உதாரணத்துக்கு, யமஹா எஃப்310 மேல்பலகை ஒட்டுப்பலகை, எஃப்ஜி800 ஒரே பலகை ஸ்ப்ரூஸ் மரம். இரண்டாவதில் ஓசை பெரிது, ஆனால் மழைக்காலத்தில் அதைக் குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டும். யமஹா 2019இல் சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை திறந்து அங்கே கிட்டாரும் செய்கிறது.

ஆறு கம்பி (கோவை)

சென்னையில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் அட்டையைச் செருகிப் பாருங்கள். நல்ல கம்பெனியிலும் தப்புகிற துண்டு ஒன்று இருக்கும், நமக்கு அது வரக்கூடாது, அவ்வளவுதான்.

விளம்பரத்தில் நட்சத்திரம் எத்தனை என்று பார்க்காதீர்கள், "சூப்பர் புரொடக்ட்" என்பவர்கள் பாதிப் பேர் பெட்டியைப் பிரித்த மறுநிமிடம் எழுதுகிறவர்கள். ட்ரஸ் ராட் உண்டா என்று பாருங்கள், மலிவான 38 இன்ச் கிட்டார்கள் சிலவற்றில் அதுவே இருக்காது. திருப்பி எடுக்கும்போது பணம் தருவார்களா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதையும் படியுங்கள். இசைக்கருவி மட்டுமே விற்கிற கடையின் தளம் என்றால் போன் செய்யுங்கள். "அனுப்பும் முன் 12ஆம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கேட்டதும் எரிச்சல்படுகிற கடையில் வாங்க வேண்டாம். வந்தபின் எக்ஸ்ட்ரா லைட், அதாவது .010 கம்பி மாட்டிக்கொள்ளுங்கள், விரலுக்கு இரக்கம் காட்டும்.

நாகை டீச்சர்

மூன்று கடைக்குப் போன் செய்தேன். ஒன்றில் "அதெல்லாம் கம்பெனி செட்டிங் மேடம்" என்று வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் ஸ்கேல் என்றதும் சிரித்தார்கள். மூன்றாவது கடைப் பையன் பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான், ஸ்கேலைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் இரண்டரை.

நேற்று வந்தது. மூன்று அட்டை தடையில்லாமல் போகிறது, நான்காவது அட்டை போட்டால் கம்பி எழும்புகிறது. ஸ்கேல் பிரிட்ஜை உரசிப் போகிறது.

ஆறு கம்பி (கோவை)

ஏழு நாள் முடிகிற வரை பெட்டியையும் தெர்மாகோலையும் எடைக்குப் போடாதீர்கள் அக்கா.