பங்குனி உத்திரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ‘அரோகரா’ சொல்லிக்கொடுங்கள்

உ

வெளியூர்களில் வாழும் அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனி முருகனுக்குக் கொண்டுபோகும் தீர்த்தக் காவடிக்கு இந்த ஆண்டு எட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. “அரோகரா என்றால் என்ன என்று மகன் கேட்கிறான், என்ன சொல்வது?” என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார்.

‘அர அர’ என்று சிவனைக் கூவி அழைத்ததுதான் நீண்டு அரோகரா ஆனது என்பார்கள். மகன் முருகனுக்குத் தூக்கும் காவடியில் அப்பன் சிவனின் பெயர் ஒலிக்கிறது. இதை உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனால் பொருள் முழுவதும் விளங்கிய பிறகு வாயைத் திறக்கலாம் என்று மட்டும் அவனைக் காத்திருக்க விடாதீர்கள். போன முறை கொடுமுடிப் படித்துறையில் பார்த்தேன். முன்னால் நின்றவர் “வெற்றிவேல் முருகனுக்கு” என்று எடுத்துக்கொடுத்தார். ஊர்க்காரர்கள் குரல் காவிரிக்கு அக்கரை வரை கேட்டது. நம் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் அந்த ஒலியை நாம் எழுப்பியதே இல்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாலை போட்டுவிட்டால் எல்லாரும் சாமிதான். எழுபது வயதுப் பெரியவர் ஆறு வயதுப் பையனைப் பார்த்து, “சாமி, கால் வலிக்கிறதா?” என்று கேட்பார். தோட்டத்தில் வேலை செய்பவரை ‘வாடா போடா’ என்று அழைத்துப் பழகிய வாய்களும் அந்த நாட்களில் ‘வாங்க சாமி’ என்றன. மாலையைக் கழற்றிய மறுநாளே அந்த மரியாதை போய்விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நம் பிள்ளைகளாவது மாலை இறங்கிய பிறகும் அந்த மரியாதையோடு பேசட்டும்.

என் அப்பத்தாவைப் பலருக்கு நினைவிருக்கும். என் தாத்தாவின் பெயரில் முருகன் இருந்ததால், கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. தடுக்கி விழுந்தாலும் “பழனியாண்டவா” என்றுதான் வரும். காவடிக் கூட்டத்தில் “வெற்றிவேல் முருகனுக்கு” என்று குரல் எழும்போது உதட்டை இறுக மூடிக்கொள்வார். அடுத்து வரும் “அரோகரா”வில் பக்கத்தில் நிற்பவர் காது அடைத்துப்போகும்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. விடுமுறைக்குப் போன என்னைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். அந்தப் பங்குனியில் காவடி எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் நான் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “வெற்றிவேல் முருகனுக்கு” என்றார்கள். அப்பத்தாவின் உதடுகள் இறுக மூடின. பிறகு, மெலிந்த குரலில், “அரோகரா.”

நாம் தீர்த்தம் எடுக்கும் அதே கொடுமுடியில்தான் சுந்தரர், “நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே” என்று பாடினார். நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார். அப்பத்தாவுக்கு நாக்கும் மறக்கவில்லை, மூடிய உதடும் மறக்கவில்லை.

தங்கைக்கு ஒரு வேண்டுகோள். மகனைப் பள்ளிக்குக் காரில் அழைத்துப் போகும்போது நீங்கள் எடுத்துக்கொடுங்கள், அவன் பதில் சொல்லட்டும். முதலில் கூச்சப்படுவான், விட்டுவிடாதீர்கள். என் மகள் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள்.

இந்த முறை படித்துறையில் முதல் குரலை வெளியூரிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டார்கள். விருப்பமுள்ள பிள்ளைகளின் பெயரை மாலை போடும் நாளுக்கு முன்பே எனக்கு எழுதி அனுப்புங்கள்.