ஹீட் இன்டெக்ஸ்: ‘புழுக்க எண்’ என்னும் பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

வானிலை அறிவிப்புகளில் வரும் ‘ஹீட் இன்டெக்ஸ்’ (heat index) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை முன்வைக்கப்பட்ட ‘வெப்பக் குறியீடு’, ‘உணர்வெப்பநிலை’ ஆகிய இரண்டையும் வானிலைக் குறிப்புகளில் இட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. ‘புழுக்க எண்’ என்று ஆளலாம் என்பது என் பரிந்துரை.

இந்த எண் வெப்பத்தை மட்டும் சொல்வதன்று. காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, நிழலில், மெல்லிய காற்றில் இருக்கும் ஒருவருக்கு உடல் எவ்வளவு சுடும் என்று கணக்கிடுவது. வெப்பமானி 32 பாகை செல்சியஸ் காட்டும்போது ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உள்ள பங்கு) 70 விழுக்காடாக இருந்தால், இந்த எண் ஏறத்தாழ 41 ஆகிவிடுகிறது. வியர்வை காயாமல் முன்கையில் முத்து முத்தாக அப்படியே நிற்பதால்தான் இந்த ஒன்பது பாகை கூடுகிறது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் சொற்கள் முன்பே உண்டு: வறண்ட காற்றில் முகத்தில் அடிப்பது வெக்கை, ஈரக்காற்றில் ஆளை அவிப்பது புழுக்கம்.

பிற்பகலில் இடிமழை பெய்யும் கோடை நாளில் இச்சொல்லின் பொருத்தம் நன்கு விளங்கும். வெயில் தரையைச் சுட, அதை ஒட்டிய ஈரக்காற்று வெப்பச்சலனத்தால் மேலெழுந்து குளிர்கிறது. அப்போது நீராவி துளியாக மாறுகையில் வெளிப்படும் உள்ளுறை வெப்பம், ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல், அந்தக் காற்றை இன்னும் உயரத் தள்ளிக் கருமுகிலாகத் திரட்டுகிறது. நம்மைப் புழுங்கவைத்த அதே நீராவியே இடிக்கும் மழைக்கும் ஆற்றல் தருகிறது என்பதால், ‘புழுக்கமாக இருக்கிறது, மழை வரும்’ என்னும் பேச்சு வெறும் நம்பிக்கையன்று. மழைக்கு முன்னே புழுதியை வாரிக்கொண்டு வரும் குளிர்காற்றில் வெப்பநிலை சட்டென்று இறங்குகிறது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் ஈரத்தரையிலிருந்து ஆவி கிளம்ப, ‘மழை பெய்தும் புழுக்கம் போகவில்லை’ என்கிறோம். அந்த இடத்தில் ‘வெப்பம் போகவில்லை’ என்று எழுதினால் பிழையாகிவிடும். வெப்பமானி உண்மையில் முன்பைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது.

‘புழுக்கம்’ உணர்வைச் சுட்டும் சொல், மனப்புழுக்கம் என்றும் வழங்குவது, ஆகவே அறிவியலுக்குப் பொருந்தாது என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அளக்கப்படுவதே உணர்வுதான் என்பதை அவர் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். 1979-இல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டெட்மன் இந்தக் கணக்கை வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ‘புழுக்கத்தை மதிப்பிடுதல்’ என்னும் பொருள் தருவது. வறண்ட காற்றில் இந்த எண் வெப்பமானியின் அளவுக்குக் கீழேயும் வரக்கூடும்; அதுவும் புழுக்கம் இல்லாமையையே காட்டுகிறது.

‘உணர்வெப்பநிலை’ நல்ல சொல். குளிர்காற்றில் உடல் உணரும் தாழ்வையும் அது அடக்குவதால், பொதுச்சொல்லாக இருக்கட்டும். ‘குறியீடு’ ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது. ‘எண்’ சுருக்கமானது, ஒலிபரப்பில் நாக்கு இடறாதது.

அறிவிப்பில் அது இப்படி அமையும்: ‘நாளை பிற்பகல் புழுக்க எண் 41 பாகையைத் தொடும்; மாலையில் இடியுடன் மழை பெய்யக்கூடும்.’